வேலியும் பயிரும்: ஆன்டிவைரஸ் வந்த கதை

கம்ப்யூட்டர் பக்கம் கொஞ்சம் தலை காட்டுற ஆள்னு சொந்தக்காரங்க மத்தியில பேர் வாங்கிட்டா போதும். கல்யாணப் பந்தியில பாயசத்தை வழிச்சுக்கிட்டு இருக்கும்போதும் பக்கத்து இலையில இருந்து கேள்வி வரும்: "தம்பி, எந்த ஆன்டிவைரஸ் நல்லது? கடைக்காரன் போட்டுக் குடுத்தது காலாவதி ஆயிடுச்சுன்னு தினமும் சிவப்பா கத்துது." நம்ம பதிவர் கூட்டத்துல இந்தக் கேள்வியில இருந்து தப்பிச்சவங்க யாரும் இருக்க மாட்டீங்க.

ஒரு பேரைச் சொல்லி முடிச்சுடலாம். ஆனா கேக்கறவர் வீட்டுக் கம்ப்யூட்டர்ல பேங்க் கணக்கு இருக்கு, பென்ஷன் காகிதம் இருக்கு, பேரன் பொறந்ததுல இருந்து எடுத்த போட்டோ அத்தனையும் இருக்கு. இதையெல்லாம் திறந்து பார்க்கிற அதிகாரத்தோட ஒரு காவல்காரனை உள்ள உட்கார வைக்கப் போறோம். அவன் எந்த ஊர், என்ன தொழில் பண்ணிட்டு வந்தான், சம்பளம் எங்கிருந்து வருதுன்னு விசாரிக்க வேண்டாமா? அந்த விசாரணைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி டம்ளரோட உட்காருங்க.

பூச்சியும் மருந்தும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க

1971ல அமெரிக்காவுல பி.பி.என் நிறுவனத்துல பாப் தாமஸ்னு ஒருத்தர் 'க்ரீப்பர்'னு ஒரு நிரல் எழுதினார். இன்டர்நெட்டுக்குத் தாத்தாவான அர்ப்பாநெட்ல, ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொண்ணுக்குத் தாவி, முடிஞ்சா என்னைப் பிடின்னு ஒரு செய்தி காட்டும். வேற கெடுதல் கிடையாது. அதே நிறுவனத்துல இருந்த ரே டாம்லின்சன் (ஆமாம், மின்னஞ்சல் முகவரியில '@' குறியைப் போட்டவரேதான்) அதை தன்னைத்தானே பிரதி எடுத்துக்கிற மாதிரி மாத்தினார். அப்புறம் அதைத் துரத்திப் பிடிச்சு அழிக்க 'ரீப்பர்'னு இன்னொரு நிரலும் அவரே எழுதினார். உலகத்தோட முதல் ஆன்டிவைரஸ்னு இதைத்தான் சொல்றாங்க. ஆக, பூச்சியை வளர்த்து விட்டவரும் மருந்து அடிச்சவரும் ஒருத்தரே. "ஆன்டிவைரஸ் கம்பெனிக்காரனே வைரஸை எழுதி விடுறான்"னு நம்ம ஊர்ல காலங்காலமா ஒரு வதந்தி இருக்கே, அது உண்மையா நடந்ததுன்னா இந்த ஒரு தடவைதான் போல :-) அதுலயும் காசு வாங்கல.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வியாதி வந்தது 1982ல. ரிச் ஸ்க்ரென்டான்னு ஒரு 15 வயசுப் பையன் பிட்ஸ்பர்க் பக்கத்துல ஸ்கூல் படிச்சிட்டு இருந்தான். ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு 'எல்க் க்ளோனர்'னு ஒண்ணு எழுதினான். பிளாப்பியோட பூட் செக்டார்ல உட்கார்ந்துக்கும். அந்த பிளாப்பியைப் போட்டு கம்ப்யூட்டரைக் கிளப்பினா நினைவகத்துல ஏறிக்கும், அடுத்துப் போடுற பிளாப்பிக்கும் தொத்திக்கும். 50வது தடவை கிளப்பும்போது திரையில ஒரு குட்டிக் கவிதை வரும். அவ்ளோதான் சேட்டை.

"முழுசா பிடிக்கவே முடியாது"

வைரஸ்ங்கிற பேர் வந்தது இதுக்கு அடுத்த வருஷம். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல ஃப்ரெட் கோஹன்னு ஒரு ஆராய்ச்சி மாணவர். அவருக்கு வழிகாட்டி லெனார்ட் ஏடில்மேன், ஆர்.எஸ்.ஏ சங்கேத முறையில 'ஏ'ங்கிற எழுத்துக்குச் சொந்தக்காரர். 1983 நவம்பர்ல கோஹன் ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர்ல, அனுமதி வாங்கி, பரிசோதனை பண்ணிக் காட்டினார். அஞ்சு தடவை முயற்சி பண்ணதுல அஞ்சு தடவையும் ஒரு மணி நேரத்துக்குள்ள கம்ப்யூட்டரோட மொத்த அதிகாரமும் கைக்கு வந்துடுச்சு. அந்த நிரலுக்கு 'வைரஸ்'னு பேர் வெச்சது ஏடில்மேன்.

கோஹன் செஞ்ச இன்னொரு காரியம் இதைவிட முக்கியம். எல்லா வைரஸையும் தப்பாம கண்டுபிடிக்கிற நிரலை எழுதவே முடியாதுன்னு கணக்கு போட்டு நிரூபிச்சார். ரொம்ப எளிமையா சொல்லணும்னா இப்படி: எதையும் பார்த்து வைரஸா இல்லையான்னு சரியா சொல்ற ஒரு மகா ஜோசியர் இருக்கார்னு வெச்சுக்கோங்க. நான் ஒரு நிரல் எழுதறேன். அது முதல்ல அந்த ஜோசியர்கிட்டயே போய் "நான் வைரஸா?"ன்னு கேக்கும். "ஆமா"ன்னா சும்மா உட்கார்ந்துக்கும், "இல்லை"ன்னா உடனே பரவ ஆரம்பிச்சுடும். ஜோசியர் என்ன சொன்னாலும் தப்பாகும். இது 1980கள்லயே தெரிஞ்சுபோன விஷயம். அதுக்கப்புறமும் "100 சதவீதம் பாதுகாப்பு"ன்னு அட்டைப்பெட்டியில அச்சடிச்சா, விளம்பரம் எழுதினவர் கோஹனைப் படிக்கலன்னு அர்த்தம்.

லாகூர் முகவரியோட வந்த வைரஸ்

1986ல ஐ.பி.எம் பி.சி.களுக்கான முதல் வைரஸ் வந்துச்சு. பேரு 'பிரெய்ன்'. எழுதினவங்க பாகிஸ்தான் லாகூர்ல கம்ப்யூட்டர் கடை வெச்சிருந்த பாசித், அம்ஜத் ஃபரூக் ஆல்விங்கிற அண்ணன் தம்பிங்க. தங்களோட மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமா காப்பி அடிக்கிறவங்களைக் கண்டுபிடிக்கத்தான் எழுதினோம்னாங்க. நிரலுக்குள்ளயே கடை முகவரியும் போன் நம்பரும் போட்டு, தடுப்பூசிக்கு எங்களைக் கூப்பிடுங்கன்னும் எழுதி வெச்சிருந்தாங்க! வைரஸும் சர்வீஸ் சென்டரும் ஒரே பொட்டலத்துல.

அது ஹார்ட் டிஸ்கைத் தொடாது, 360 கே.பி பிளாப்பிகள்ல மட்டும் பரவும். ஆனா சாமர்த்தியசாலி. யாராவது பூட் செக்டாரை எட்டிப் பார்த்தா, தன்னைக் காட்டாம, எடுத்து ஒளிச்சு வெச்ச பழைய நல்ல செக்டாரைக் காட்டும். 2011ல மிக்கோ ஹிப்போனென்ங்கிற ஃபின்லாந்து ஆராய்ச்சியாளர் அந்த முகவரியைத் தேடிப் போனா, 25 வருஷம் கழிச்சும் அண்ணன் தம்பிங்க அங்கயே இருந்தாங்க, இன்டர்நெட் சேவை நிறுவனம் நடத்திக்கிட்டு.

கடை திறந்தாச்சு

1987ல 'வியன்னா'ங்கிற வைரஸ் ஐரோப்பாவுல சுத்துச்சு. ஜெர்மனியில பெர்ண்ட் ஃபிக்ஸ்ங்கிறவர் அதை அழிக்க ஒரு நிரல் எழுதினார். வெளியில பரவின பி.சி வைரஸ் ஒண்ணை நீக்கினதா ஆவணத்துல இருக்கிற முதல் நிகழ்ச்சி இதுதான்.

அதே வருஷம் பல ஊர்கள்ல ஒரே சமயத்துல கடை திறந்தாங்க. ஜெர்மனியில ஜி டேட்டா, அட்டாரி கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் விட்டுச்சு. செக்கோஸ்லோவாகியாவுல மிரோஸ்லாவ் ட்ர்ன்கா, பீட்டர் பாஷ்கோன்னு ரெண்டு பேர் 'நாட்' எழுதினாங்க. 'நகரத்து ஓரத்தில் ஒரு ஆஸ்பத்திரி'ன்னு அந்த ஊர்ல ஓடின பிரபல டி.வி தொடரை 'டிஸ்கு ஓரத்தில் ஒரு ஆஸ்பத்திரி'ன்னு கிண்டலா மாத்தி, அந்த மொழியில அதுக்கு வர்ற முதல் எழுத்துகளை எடுத்து வெச்ச பேரு அது. பின்னால வந்த ஈசெட் நாட்32 இதோட வாரிசுதான். 1988ல ப்ராக் நகரத்துல பாவெல் பௌடிஷ் கையில வியன்னா வைரஸ் ஏறின பிளாப்பி ஒண்ணு சிக்கிச்சு. அவரும் எட்வர்ட் குச்செராவும் சேர்ந்து ஆரம்பிச்சதுதான் அவாஸ்ட்டா வளர்ந்துச்சு. ரஷ்யாவுல யூஜின் காஸ்பர்ஸ்கி 1989ல தன்னோட கம்ப்யூட்டர்லயே 'கேஸ்கேட்' வைரஸைப் பார்த்துட்டுத்தான் இந்தத் தொழிலுக்குள்ள வந்தார். திரையில இருக்கிற எழுத்தெல்லாம் சருகு மாதிரி பொலபொலன்னு கீழ உதிரும் பாருங்க, அதுதான் கேஸ்கேட்.

அமெரிக்காவுல ஜான் மெக்காஃபீ 1987ல தன் பேர்லயே நிறுவனம் ஆரம்பிச்சார். அவர் செஞ்ச புதுமை தொழில்நுட்பத்துல இல்ல, வியாபாரத்துல. மென்பொருளை ஷேர்வேரா விட்டார். வீட்டுக்காரங்க எடுத்துக்கட்டும், ஆபீஸ்கள் காசு குடுக்கட்டும். வீட்ல பழகினவங்க ஆபீஸ்லயும் அதையே கேட்டாங்க. இலவச ஆன்டிவைரஸ்ங்கிற எண்ணத்துக்கு விதை அங்கதான் விழுந்துச்சு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இதெல்லாம் எப்படி வேலை செஞ்சது? அடிப்படை ரொம்ப எளிசு. ஒவ்வொரு வைரஸ்லயும் வேற எதுலயும் இல்லாத ஒரு துண்டு இருக்கும். அதைக் குறிச்சு வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு கோப்பையும் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கிறது. போலீஸ் ஸ்டேஷன் சுவத்துல கேடிங்க போட்டோ ஒட்டி வெச்ச மாதிரி. போட்டோ இல்லாத புதுக் கேடி கண்ணு முன்னாடி நடந்து போனாலும் தெரியாது. 1990லயே ஒவ்வொரு தடவையும் முகத்தை மாத்திக்கிற வைரஸ் வந்துடுச்சு. 1992ல 'டார்க் அவெஞ்சர்'ங்கிற புனைபேர்ல இருந்த பல்கேரியாக்காரர் ஒருத்தரோட முகமூடித் தொழிற்சாலையே வெளியில வந்துச்சு. யார் வேணும்னாலும் தன் வைரஸுக்கு அதை மாட்டிக்கலாம். அதுக்கப்புறம்தான் சந்தேகப்பட்ட நிரலை ஒரு பொம்மைக் கம்ப்யூட்டருக்குள்ள ஓடவிட்டு, முகமூடியைக் கழட்டுற வரைக்கும் காத்திருந்து பார்க்கிற முறை வளர்ந்துச்சு. உங்க பழைய பென்டியம் ஆன்டிவைரஸ் ஓடும்போது மாட்டுவண்டி மாதிரி போனதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பயம் வித்த காசு

1992 மார்ச் 6. அன்னிக்கு 'மைக்கேலாஞ்சலோ'ங்கிற வைரஸ் முழிச்சு ஹார்ட் டிஸ்க்கோட முன்பகுதியை அழிக்கும்னு தெரிஞ்சுபோச்சு. (வைரஸுக்குள்ள ஓவியர் பேரே கிடையாது. அன்னிக்கு அவர் பிறந்தநாள்ங்கிறதால வந்த பேர்.) அமெரிக்கப் பத்திரிகை, டி.வி எல்லாம் ஒரே ஊளை. 50 லட்சம் கம்ப்யூட்டர் வரைக்கும் பாதிக்கப்படலாம்னு ஒரு எண்ணிக்கை சுத்துச்சு. அதைச் சொன்னதா எல்லாரும் கைகாட்டினது ஜான் மெக்காஃபீயை. அன்னிக்குக் கம்ப்யூட்டரைத் தொடாதீங்க, இல்லேன்னா முந்தின நாளே தேதியை 7ஆ மாத்தி வெச்சுக்கோங்கன்னு வைத்தியம் சொன்னாங்க. எமகண்டத்தைக் கடியாரத்தைத் திருப்பிக் கடக்கிற மாதிரி!

மார்ச் 6 வந்து போச்சு. கணக்கு பார்த்தா உலகம் பூரா 10,000, 20,000 கம்ப்யூட்டர் அளவுல. பாதிக்கப்பட்டவருக்கு அது நூறு சதவீத நஷ்டம்தான், மறுக்கல. ஆனா ஆன்டிவைரஸ் விற்பனை பிச்சுக்கிட்டுப் போச்சு. அதே வருஷம் மெக்காஃபீ நிறுவனம் பங்குச் சந்தைக்கும் வந்துச்சு. பயம் நல்லா விக்கும்னு இந்தத் தொழில் கத்துக்கிட்டது அன்னிக்குத்தான்னு எனக்குத் தோணும். இன்னிக்கும் ஆன்டிவைரஸ் ஜன்னல் சிவப்பா மின்னி "நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள்"னு கத்தும்போது, அது வைரஸைப் பார்த்துக் கத்துதா, சந்தா தேதியைப் பார்த்துக் கத்துதான்னு ஒரு நிமிஷம் நின்னு படிங்க.

நம்ம பக்கம்

1990ல இந்தியாவுல முதல்ல கண்ணுல பட்டதா பதிவான வைரஸ் ஒண்ணு உண்டு. பேரு 'ஜோஷி'. ஜனவரி 5ஆம் தேதி கம்ப்யூட்டரைப் போட்டா, ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்து டைப் அடிக்கச் சொல்லும். அடிச்சாத்தான் விடும். யார் அந்த ஜோஷியோ, ஊர் உலகம் பூரா வாழ்த்து வாங்கிட்டார்!

மருந்தும் இங்கயே முளைச்சது. சென்னையில 1991லயே கேசவர்தனன் ஆரம்பிச்சது கே7. ஜப்பான் சந்தையில பேர் வாங்கினதுக்கு அப்புறம்தான் நம்மாளுங்க பலருக்கு அது சென்னைச் சரக்குன்னே தெரியும். புனேவுல கைலாஷ் கட்கர் கால்குலேட்டர் ரிப்பேர் பண்ற கடை வெச்சிருந்தார். தம்பி சஞ்சய் கம்ப்யூட்டர் படிச்சவர். ரிப்பேருக்கு வர்ற கம்ப்யூட்டர்கள்ல இருக்கிற வைரஸை நீக்க அவர் எழுதின சின்னச் சின்ன நிரல்கள்தான் 1990கள் நடுவுல 'குயிக் ஹீல்' ஆச்சு. 2016ல அது பங்குச் சந்தை வரைக்கும் போச்சு. ரிப்பேர்க் கடை மேஜையில பொறந்ததாலதானோ என்னமோ, கடைசி வரைக்கும் அதோட பலம் ரிப்பேர்க் கடைக்காரங்கதான். நம்ம வீட்ல எந்த ஆன்டிவைரஸ் இருக்கணும்னு பல வருஷம் முடிவு பண்ணது அசெம்பிள் பண்ணிக் குடுத்த அண்ணாச்சிதானே.

அண்ணாச்சி செஞ்ச இன்னொரு சேவையையும் சொல்லிடணும். "ஃபுல் வெர்ஷன் போட்டிருக்கேன் சார்"னு சொல்லிட்டுப் போவார். கிராக் பண்ண ஆன்டிவைரஸ்! திருட்டு சாவி போட்டுத் தர்ற நிரலை ஓட்டணும்னா முதல்ல ஆன்டிவைரஸை அணைச்சு வைக்கணும். திருடன்கிட்டயே பூட்டு வாங்கி, அவன் மாட்டி முடிக்கிற வரைக்கும் திரும்பி நின்னுக்கிற கதை அது.

லவ் லெட்டரும் பென் டிரைவும்

1999 ஏப்ரல் 26ல 'சி.ஐ.ஹெச்' வெடிச்சது. செர்னோபில் விபத்து நடந்த தேதியும் அதுவேங்கிறதால செர்னோபில்னும் சொல்வாங்க. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதினது. ஹார்ட் டிஸ்கோட நிக்காம, மதர்போர்டுல இருக்கிற பயாஸையே அழிச்சுடும். கம்ப்யூட்டர் அப்புறம் பொணம்தான். ஆன்டிவைரஸ் கம்பெனிங்க அடிச்ச தம்பட்டத்துக்குச் சவாலா எழுதினேன்னு அவர் சொன்னதா செய்தி.

2000 மே 4ல 'ஐ லவ் யூ'. பிலிப்பைன்ஸ்ல இருந்து கிளம்பின மின்னஞ்சல். கூட ஒரு காதல் கடிதம். கோப்போட பேர் 'டாட் டெக்ஸ்ட்'னு முடியற மாதிரி தெரியும். அதுக்குப் பின்னாடி 'டாட் வி.பி.எஸ்'னு ஒரு வால் உண்டு. விண்டோஸ்தான் வாலை மறைச்சுக் காட்டுமே! திறந்தா போட்டோக்களை அழிச்சு அந்த இடத்துல தன்னை எழுதிக்கும், முகவரிப் புத்தகத்துல இருக்கிற எல்லாருக்கும் உங்க பேர்ல லவ் லெட்டர் போகும், மேனேஜர் உட்பட. எழுதினவர் மேல நடவடிக்கை எடுக்க அந்த நாட்டுல அப்போ சட்டமே இல்ல. அடுத்த மாசம்தான் சட்டம் கொண்டு வந்தாங்க. நம்ம தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அதே வருஷம் அக்டோபர் 17ல அமலுக்கு வந்துச்சு. 43ஆம் பிரிவுல வைரஸ் விடறதும் இருக்கு.

2003 ஆகஸ்ட்ல 'பிளாஸ்டர்'. இதுக்கு நீங்க எதையும் திறக்க வேண்டாம். இன்டர்நெட்ல இணைஞ்சாலே போதும், 60 வினாடியில கம்ப்யூட்டர் அணைஞ்சிடும்னு ஒரு ஜன்னல் வந்து எண்ண ஆரம்பிக்கும். இதுல கவனிக்க வேண்டியது: அந்த ஓட்டையை அடைக்கிற திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலைலயே குடுத்தாச்சு. போட்டவங்க பிழைச்சாங்க. ஆனா டயல்-அப்ல மெகாபைட் கணக்குல இறக்க யாருக்குப் பொறுமை? ஆன்டிவைரஸ் அப்டேட்டையே கம்ப்யூட்டர் பத்திரிகையோட வர்ற சிடியில இருந்து போட்ட காலம் அது. 2004 ஆகஸ்ட்ல எக்ஸ்.பி சர்வீஸ் பேக் 2 வந்தப்போதான் ஃபயர்வால் தானாவே ஓட ஆரம்பிச்சது.

பிராட்பேண்ட் வந்ததும் இலவச ஆன்டிவைரஸ் யுகம். ஏ.வி.ஜி, அவாஸ்ட், அவிரா குடை. டூல்பார்ல எந்த ஐகான் இருக்குன்னு பார்த்தே ஆளை எடை போட்ட காலம். ஆனா நம்ம ஊர் வைரஸ் வந்த வழி வேற: பென் டிரைவ். பிரவுசிங் சென்டர், காலேஜ் லேப், பிரிண்ட் எடுக்கிற ஜெராக்ஸ் கடை, இந்த மூணும் சேர்ந்தா ஒரு மாவட்டத்துக்கே போதும். 'நியூ ஃபோல்டர்'னு ஒண்ணு இருக்கும், படமும் ஃபோல்டர் படம்தான், ஆனா அது இ.எக்ஸ்.இ. மறுபடியும் அதே மறைஞ்ச வால்! கிளிக் பண்ணா டாஸ்க் மேனேஜர் திறக்காது. கூடவே 'ஆட்டோரன்'. சிடி போட்டதும் தானா ஓடணும்னு விண்டோஸ் 95ல குடுத்த சௌகரியம், பென் டிரைவ் காலத்துல வைரஸுக்குச் சிவப்புக் கம்பளம் ஆச்சு. 2008 நவம்பர்ல கிளம்பின 'கான்ஃபிக்கர்' இந்த வழியிலயும் பரவிச்சு. பழைய விண்டோஸ்கள்ல பென் டிரைவுக்கு ஆட்டோரனை மைக்ரோசாஃப்ட் தானா வர்ற அப்டேட்ல நிறுத்தினது 2011 பிப்ரவரியில. அந்த ஒரு மாற்றம் தடுத்த அளவு, நாம மாத்தி மாத்திப் போட்ட ஆன்டிவைரஸ் எல்லாம் சேர்ந்தாலும் தடுத்திருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான்.

போலி வைத்தியர்கள்

2008 வாக்குல உலாவிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஜன்னல் குதிக்கும். "உங்கள் கம்ப்யூட்டரில் 300 வைரஸ்!" ஓடற கோடு, சிவப்புப் பட்டியல், எல்லாம் வெறும் படம். காசு கட்டினா 'ஆன்டிவைரஸ் 2009'னு ஒண்ணு இறங்கும். அதுதான் வைரஸே. அமெரிக்காவோட வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.சி 2008 டிசம்பர்ல இதுக்காக ஒரு கூட்டத்து மேல வழக்கு போட்டுச்சு. ஏமாந்தவங்க 10 லட்சத்துக்கும் மேலன்னாங்க. 2012ல நீதிமன்றம் 16 கோடி டாலருக்கு மேல கட்டச் சொல்லித் தீர்ப்பு குடுத்துச்சு. மைக்கேலாஞ்சலோ காலத்துல ஆரம்பிச்ச பயத்தோட கடைசிப் பேரப்பிள்ளைங்க இவங்க. நிஜக் கடைக்காரங்க இருபது வருஷமா சிவப்பு ஜன்னலைக் காட்டிப் பழக்கியிருக்கலேன்னா, போலிக் கடை இவ்ளோ சுலபமா ஓடியிருக்குமா?

வேலி மேய்ஞ்ச நாட்கள்

இப்போ நிஜமான காவல்காரங்களுக்கே வருவோம்.

2010 ஏப்ரல் 21. மெக்காஃபீ விட்ட ஒரு தினசரி அப்டேட், விண்டோஸ் எக்ஸ்.பி.யோட சொந்தக் கோப்பான 'எஸ்.வி.சி.ஹோஸ்ட்'டை வைரஸ்னு நினைச்சுடுச்சு. அது இல்லாம விண்டோஸ் நடக்காது. கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப அணைஞ்சு எழுந்துச்சு, நெட்வொர்க்கும் போச்சு. வேடிக்கை என்னன்னா, அப்போ மெக்காஃபீயில தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியா இருந்த ஜார்ஜ் கர்ட்ஸ், பின்னால க்ரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு நிறுவனத்தைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர், அதோட தலைவர். 2024 ஜூலை 19ல க்ரவுட்ஸ்ட்ரைக் விட்ட ஒரு அப்டேட் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத் திரையில நிறுத்துச்சு. விமானம், ஆஸ்பத்திரி, பேங்க் எல்லாம் ஸ்தம்பிச்சது. அது பெரிய நிறுவனங்களுக்கான சரக்கு, நம்ம வீட்ல இருக்காது. ஆனா பாடம் ஒண்ணுதான்: ஆன்டிவைரஸ் விண்டோஸோட அடிமடியில உட்கார்ந்திருக்கு. அது தடுக்கி விழுந்தா வீடே விழும்.

இது கை தவறினது. தெரிஞ்சே மேய்ஞ்சதும் உண்டு. அவாஸ்ட் 2016ல ஏ.வி.ஜி.யை 130 கோடி டாலருக்கு வாங்கிச்சு. இலவசமா குடுக்கிறவங்களுக்கு இவ்ளோ பணம் எப்படி? காசு கட்டற வெர்ஷன் வித்து வந்த பணம் பெரும்பங்கு. அது போக, ஜம்ப்ஷாட்னு ஒரு துணை நிறுவனம் இருந்துச்சு. பயனாளிங்க எந்தெந்தத் தளத்துக்குப் போறாங்கங்கிற விவரத்தை அது வித்துக்கிட்டு இருந்தது 2020 ஜனவரியில அம்பலமாச்சு. உடனே அதை மூடினாங்க. 2024ல எஃப்.டி.சி 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வெச்சு, விளம்பரத்துக்காக அந்த மாதிரி விவரத்தை விக்கவும் தடை போட்டுச்சு. உங்களை வேவு பார்க்கிறவங்கள்ட்ட இருந்து காப்பாத்தறேன்னு வந்தவரே வேவு பார்த்தார்! 2021ல நார்ட்டன் 360 உள்ள எத்தீரியம் காசு தோண்டுற வசதியையே வெச்சாங்க. நாமளா இயக்கினாத்தான் ஓடும், ஆனா தோண்டினதுல 15 சதவீதம் அவங்களுக்கு. 2022ல நார்ட்டனும் அவாஸ்ட்டும் ஒரே நிறுவனமாயிட்டாங்க. ஆக ஏ.வி.ஜி, அவாஸ்ட், நார்ட்டன், அதுக்கு முன்னாடியே நார்ட்டன்காரங்க வாங்கின அவிரான்னு கடைப்பலகை நாலு, கல்லா ஒண்ணு.

அப்புறம் அரசியல். காஸ்பர்ஸ்கியை அமெரிக்க அரசு அலுவலகங்கள்ல 2017லயே விலக்கினாங்க. 2024ல அந்த நாட்டுல விக்கவே தடை. செப்டம்பர் 29க்கு அப்புறம் அப்டேட்டும் தரக் கூடாது. அந்தச் சமயம் அங்க பல பேர் காலையில எழுந்து பார்த்தா, காஸ்பர்ஸ்கி போய் 'அல்ட்ரா ஏ.வி'ன்னு வேற ஒண்ணு உட்கார்ந்திருந்துச்சாம், கேக்காமலே. தப்பு யார் பக்கம்ங்கிற வாதத்தை விடுங்க. ராத்திரியோட ராத்திரியா காவல்காரனை மாத்தற அளவுக்கு அந்த நிரலுக்கு அதிகாரம் குடுத்திருக்கோம்ங்கிறதைப் பாருங்க.

வீட்டுக்காரரே காவல் வெச்சார்

மைக்ரோசாஃப்ட் 2003ல ருமேனியாவோட ஜிகேட் நிறுவனத்துக்கிட்ட இருந்து ஆன்டிவைரஸ் நுட்பத்தை வாங்கிச்சு. 2006ல 'ஒன்கேர்'னு காசுக்கு வித்துப் பார்த்துச்சு, போணியாகல. 2009 செப்டம்பர்ல 'செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்' இலவசம். 2012ல விண்டோஸ் 8 கூடவே டிஃபெண்டர். முதல்ல சோதனைகள்ல கடைசி பெஞ்சுதான். ஆனா 2010களோட பிற்பாதியில இருந்து, ஜெர்மனியில ஏ.வி-டெஸ்ட் மாதிரி தனி சோதனைச்சாலைகள்ல காசுக்கு விக்கிறதுக்குச் சமமா மார்க் வாங்க ஆரம்பிச்சது. ஓட்டை விழுந்த வீட்டைக் கட்டினவரே காவலுக்கும் ஆள் போடறார்னு கிண்டல் பண்ணலாம். ஆனா அவருக்கு உங்களைப் பயமுறுத்தி சந்தா வாங்க வேண்டிய அவசியம் இல்லைங்கிறது பெரிய வித்தியாசம்.

சரி, எதைத்தான் போடறது?

இத்தனை கதையும் இதுக்குத்தான். வரலாறு சொல்ற பதில், என் வாய்ல:

1. விண்டோஸ்ல கூடவே வர்ற டிஃபெண்டர் சாதாரண வீட்டுக்குப் போதும். காசு குடுத்து வேற போடணும்னா போடுங்க, ஆனா காசு குடுத்தே போடுங்க. இலவசம்னா சம்பளம் எங்கிருந்து வருதுன்னு கேளுங்க.

2. ரெண்டு ஆன்டிவைரஸ் ஒரே சமயத்துல கூடாது. ரெண்டு பேரும் ஒவ்வொரு கோப்பையும் நான்தான் முதல்ல பார்ப்பேன்னு மல்லுக்கு நிப்பாங்க. ஒருத்தர் வெச்சிருக்கிற கேடி போட்டோவைப் பார்த்து இன்னொருத்தர் கேடின்னு பாயறதும் நடக்கும்.

3. லேப்டாப் கூட வந்த ட்ரயல் காலாவதி ஆயிடுச்சா? அப்படியே விடாதீங்க, கழட்டிடுங்க. கழட்டினதும் டிஃபெண்டர் தானா முழிச்சுக்கும்.

4. ஆன்டிவைரஸ் ஒரு கோப்பைப் பிடிச்சா உடனே டெலீட் வேண்டாம், குவாரன்டைன். அதுக்கும் கண்ணு தப்பும்ங்கிறது 2010 ஏப்ரல் பாடம்.

5. விண்டோஸ் அப்டேட்டை அணைக்காதீங்க. 2017 மே 12ல 'வானாக்ரை' 150க்கும் மேற்பட்ட நாடுகள்ல கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டுச்சு. அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச்லயே வந்தாச்சு. பிளாஸ்டர் கதையேதான், பதினாலு வருஷம் கழிச்சு. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. வீட்டுக்காரங்கள்ல தனியா பதிவு பண்ணிக்கிட்டவங்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரைக்கும் நீட்டிப்பு. ஓட்டையை அடைக்க ஆள் இல்லாத வீட்ல எந்த வாட்ச்மேனாலயும் பெருசா செய்ய முடியாது.

6. மறைஞ்ச வாலைக் காட்டச் சொல்லுங்க. ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டுற அமைப்பு ஒண்ணு விண்டோஸ்லயே இருக்கு. லவ் லெட்டரும் நியூ ஃபோல்டரும் அந்த ஒரு டிக்ல தோத்திருக்கும்.

7. போட்டோவையும் காகிதத்தையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வெச்சு, வேலை முடிஞ்சதும் வயரைப் பிடுங்கிடுங்க. செருகியே இருந்தா அதையும் சேர்த்துப் பூட்டும். கோஹன் கணக்குப்படி என்னிக்காவது ஒரு வைரஸ் உள்ள வரும். வந்த அன்னிக்கு உங்க கையில மிஞ்சப்போறது இந்தப் பெட்டி மட்டும்தான். இந்தப் பட்டியல்ல ஒண்ணே ஒண்ணுதான் செய்வேன்னா, இதைச் செய்ங்க.

கொசுறு: காவல்காரன் முழிச்சிருக்கானான்னு பார்க்க வைரஸை இறக்க வேண்டியதில்லை. 'ஐகார்' சோதனைக் கோப்புன்னு ஒண்ணு உண்டு. வெறும் 68 எழுத்து, எந்தக் கெடுதலும் செய்யாது. அதைப் பார்த்தா வைரஸ்னு கத்தணும்னு ஆன்டிவைரஸ்காரங்க எல்லாரும் தங்களுக்குள்ள பேசி வெச்சிருக்காங்க. ஐகார் அமைப்போட தளத்துலயே கிடைக்கும். இறக்கிப் பாருங்க. உங்களுது கத்தலேன்னா, முதல் வேலையா அதைக் கவனிங்க, மத்த பதிவெல்லாம் அப்புறம் படிக்கலாம் :-)